லிப்ரே ஆபிஸ் ரைட்டர்: புதிதாகப் பழகுபவர்களுக்கு ஏற்றது

மார்த்தாண்டத்தில் எங்கள் மகளிர் குழுவின் கூட்டக் குறிப்புகளை, கடிதம், குறிப்பு எல்லாம் தட்டச்சு செய்ய உதவும் இந்த மென்பொருளில்தான் அடிக்கிறேன். காசு கிடையாது. மேலே மெனு, அதன் கீழே கருவிப்பட்டைகள், அப்புறம் அளவுகோல். புதிதாக வருபவர்கள் முதலில் சாளரத்தின் அடியில் இருக்கும் பட்டையைப் பழகுங்கள். அதன் வலது மூலையில் உள்ள கோட்டில் இருக்கும் குமிழை வலப்பக்கம் இழுத்தால் எழுத்து பெரிதாகத் தெரியும், அச்சில் அளவு மாறாது. கண்ணாடி போட்ட அக்காமாருக்குப் பெரிய உதவி.

கண்ட்ரோலும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் ஸ்பேஸ் எங்கே, என்டர் எங்கே என்று அடையாளங்கள் தெரியும். ஸ்பேஸ் தட்டித் தட்டி வரிசைப்படுத்திய தேன் கணக்கு ஏன் கோணுகிறது என்பது உடனே விளங்கிவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த வசதி இதுதான்.

மைக்ரோசாஃப்ட் வேர்டு 2007-இல் வந்த ரிப்பன் (பொத்தான்களைத் தாவல் தாவலாகப் பிரித்து வைத்த மேல்பட்டை) பழகியவர்கள், வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் போய் ‘டேப்டு’ வைத்துக்கொள்ளலாம். தோற்றம் கொஞ்சம் பழைய மோஸ்தர்தான். வேலைக்கு அது தடையில்லை.