பனிச்சறுக்கு டூர் போகிறவர்களே, "இன்சூரன்ஸ் உண்டு" என்றால் பேப்பரைக் கேளுங்கள்

போன பிப்ரவரியில் உச்சிப்புளியிலிருந்து நானும் மச்சானும் இன்னும் நாலு பேரும் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போனோம். ராமநாதபுரத்து டூர் ஏஜென்ட் ஒருவரின் ஏற்பாடு. "பத்து லட்சத்துக்கு இன்சூரன்ஸும் சேர்த்துதாண்ணே" என்றார். பணத்தைக் கட்டிவிட்டோம். பேப்பரைக் கேட்காதது என் தப்பு.

வாலிநோக்கம் உப்பளத்தைத் தவிர அவ்வளவு வெள்ளையை நாங்கள் எங்கே பார்த்தோம்! அந்தச் சந்தோஷத்தில் எதையும் கவனிக்கவில்லை. ஸ்கீ என்ற சறுக்குப் பலகையை வாடகைக்குக் கொடுத்தவர் செருப்பு சைஸ் மட்டும்தான் கேட்டார். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்க பைண்டிங் என்று ஒரு கவ்வி உண்டு. விழும்போது அது தானாகக் கழன்று காலை விட்டுவிட வேண்டும். எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளம், ஓட்டுகிறவரின் பழக்கம் எல்லாம் பார்த்து அதன் எண்ணைத் திருகி வைக்க வேண்டுமாம். நான் 58 கிலோ. எனக்கு முன்னால் அதைப் போட்டவர் எத்தனை கிலோவோ. இரண்டாம் நாள் விழுந்தபோது வலது கால் கழன்றது, இடது கழலவில்லை. முழங்கால் முறுக்கிக்கொண்டது. ஸ்ரீநகரில் எம்.ஆர்.ஐ. எடுத்தால், மூட்டு எலும்புகளைப் பிடித்திருக்கும் நாரில் (லிகமென்ட்) கிழிசல்.

ஏஜென்டுக்குப் போன் போட்டேன். ராத்திரி வாட்ஸ்அப்பில் பாலிசி வந்தது. என்ன தெரியுமா? ராமநாதபுரம் - சென்னை ரயில் டிக்கெட்டோடு 45 பைசாவுக்கு எடுக்கும் காப்பீடு! இறப்புக்கு 10 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம். ஆனால் ரயில் விபத்தில் அடிபட்டிருக்க வேண்டும். பத்து லட்சம் என்று அவர் சொன்னது பொய்யில்லை பாருங்கள்.

தனியாக டிராவல் பாலிசி எடுப்பவர்களும் சாகச விளையாட்டு என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். பனிச்சறுக்குக்குப் பல பாலிசிகளில் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். கட்டினாலும் குறியிட்ட சரிவை விட்டு வெளியே போனாலோ, குடித்துவிட்டு விழுந்தாலோ கைவிரித்துவிடுவார்கள். கோண்டோலா என்ற கேபிள் காரில் இரண்டாம் கட்டம் ஏறி அஃபர்வத் மலைப் பக்கம் போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் பனிச்சரிவில் ஒரு ரஷ்யர் இறந்தார். பழக்கமில்லாத நமக்கு அந்த மேடு வேண்டாம்.

வீட்டில் மெடிக்ளைம் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். சாகச விளையாட்டில் அடிபட்டால் பணம் கிடையாது என்ற விலக்கு வழக்கமாக அதைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்குத்தான். என்னுடையதை நான் புதுப்பிக்காமல் விட்டிருந்தேன், அது வேறு கதை.

ஏஜென்ட் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கையில் இருப்பது வாட்ஸ்அப் பேச்சும் ரசீதும்தான். அவரோ இப்போது மணாலிக்கு ஆள் சேர்க்கிறார். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் "இன்சூரன்ஸ் உண்டு".