மாதம் 30 போஸ்ட், 12 ரீல்ஸ் பேக்கேஜா? 54,000 ரூபாய் போச்சு, ஜாக்கிரதை!

இன்ஸ்டாகிராம் ஏஜென்சியில் கட்டிய பணம் திரும்ப வராது என்று நேற்று சாயங்காலம் கைவிரித்துவிட்டார்கள். 54,000 ரூபாய். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சின்னதாகக் கடை வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள்.

மதுரையில் எங்களுக்குச் சுங்குடிச் சேலைக் கடை. இன்ஸ்டாகிராம் பக்கத்தை நடத்திக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றிலிருந்து ஒரு தம்பி வந்தார். மாதம் 30 போஸ்ட், 12 ரீல்ஸ், 18,000 ரூபாய். மூன்று மாதத்தை மொத்தமாகக் கட்ட வேண்டுமாம். நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர் அம்மாவுக்கென்று ஒரு அரக்கு நிறச் சேலையை எடுத்து, "இது முடிச்சா, அச்சாக்கா?" என்று கேட்டார். கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியதா, அச்சடித்ததா என்று அர்த்தம். முடிச்சுதான் என்றதும் பேரம் பேசாமல் 2,200 ரூபாயை எண்ணி வைத்தார். சரக்கு தெரிந்த பையன் என்று நம்பி, அங்கேயே 54,000-ஐ அனுப்பினேன்.

முதல் போஸ்ட், ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம். அப்புறம் 'எங்கள் சுங்குடி' என்று ஒன்று. படத்தில் இருந்தது ராஜஸ்தான் பாந்தினி! 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய சேலைக்கு இந்த மரியாதை. மதுரைப் பெண்களுக்கு வடநாட்டுப் பண்டிகையான கர்வா சௌத் வாழ்த்து வேறு. ரீல்ஸ் என்பது நெட்டில் எடுத்த படங்களை சினிமாப் பாட்டுக்கு நகர்த்துவது. கடைக்குக் கேமராவோடு ஒருவரும் வரவில்லை. ஃபாலோயர்ஸ் மட்டும் மளமளவென்று ஏறினார்கள். யார் பார்க்கிறார்கள் என்று இன்ஸ்டாகிராமே கணக்குக் காட்டும் இன்சைட்ஸில் பார்த்தால், ஊர்ப் பட்டியலில் மதுரையே இல்லை. ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை.

இதற்கு நடுவில் என் நாத்தனார் மகள் போனில் ஒரு வீடியோ எடுத்தாள். சாயம் காய்ந்த துணியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுக்க, முடிச்சுகள் படபடவென்று அவிழ்ந்து புள்ளி புள்ளியாக வெள்ளை தெரிகிறது. அவ்வளவுதான் வீடியோ. கோவை, திருநெல்வேலியிலிருந்தெல்லாம் விலை கேட்டு வாட்ஸ்அப் வந்தது. இந்த மாதிரியே எடுங்கள் என்று ஏஜென்சியிடம் சொன்னால், "போஸ்ட் கேலண்டர்ல இல்லையேக்கா" என்கிறார்கள்.

அதற்கப்புறம் எல்லாம் மழுப்பல்தான். "அல்காரிதம் மாறிடுச்சுக்கா." "தினமும் போட்டாத்தான் ரீச்." ஆனால் இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னது வேறு. எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், லைக் போடுகிறார்களா, அடுத்தவருக்கு அனுப்புகிறார்களா என்பதுதான் முக்கியமாம். அதைக் காட்டியதும் தம்பி போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். மேனேஜர் என்று ஒரு அம்மா பேசினார்: "90 போஸ்ட், 36 ரீல்ஸ் கொடுத்துட்டோம் மேடம். சேல்ஸ் எங்க வேலை இல்ல." அக்ரிமெண்டிலும் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது. ஆக ஏமாற்றவே இல்லையாம்! 54,000 ரூபாய்க்குக் காலை வணக்கம்.

விவரமாக யோசனை சொல்ல நினைத்தேன், ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டாதீர்கள். கடைக்கு வந்து படம் எடுப்பார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். பாஸ்வேர்டு உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஃபாலோயர்ஸ் எந்த ஊர் என்று நீங்களே திறந்து பாருங்கள், அவர்கள் அனுப்பும் ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லியிருக்கிறேன். ஏதாவது நடந்தால் எழுதுகிறேன்.