400 ரூபாய் துப்புரவு கிட்: லென்ஸ் முனைகளுக்கு உதவுமா?

ஈரோடு மஞ்சள் மண்டியில் ஏலத்தைப் படம்பிடித்துத் திரும்பிய மறுநாள், என் கேமரா லென்ஸை அடையாளம் காணாமல் பிழைச் செய்தி காட்டத் தொடங்கியது. கேனனில் ‘எர்ர் 01’, நிக்கானில் ‘எஃப்’ எழுத்தை அடுத்து இரு கோடுகள் தெரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது லென்ஸின் மின் இணைப்பு முனைகளைத்தான்.

கோவையில் வாங்கிய கிட்டில் காற்றடிக்கும் ரப்பர் பந்து, மைக்ரோஃபைபர் துணி, பஞ்சுக் குச்சிகள், சிறு புட்டியில் திரவம் ஆகியவை இருந்தன. பந்தும் துணியும் தரமானவை. குச்சிகளோ முனைகளில் பஞ்சிழையை விட்டுச் செல்கின்றன. திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்று புட்டியில் அச்சிடவே இல்லை. வாசனை வேறு வந்ததால் அதை ஒதுக்கிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தனியே வாங்கினேன்.

கேமராவை அணைத்து, பேட்டரியையும் லென்ஸையும் கழற்றி, கேமராவின் வாய் தரையை நோக்கியிருக்கப் பிடித்துக் காற்றடித்த பின், துணியில் ஒரே ஒரு சொட்டு விட்டு, லென்ஸின் பின்புறமுள்ள தங்க முலாம் பூசிய முனைகளை மெல்லத் துடைத்தேன். வெள்ளைத் துணியில் மஞ்சள் கோடு விழுந்தது. கேமராப் பக்கத்து முனைகள் ஸ்பிரிங்கில் அமிழ்பவை என்பதால் அவற்றை அழுத்தித் தேய்க்கலாகாது. பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொல்வோரும் உண்டு. முலாம் தேயும், துகள் உள்ளே விழும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈரம் உலர்ந்ததும் லென்ஸை மாட்டினேன், பிழை வரவில்லை.

துடைத்த பின்பும், அபர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) முழுதாகத் திறந்தால் படம் பதிந்து, சுருக்கும்போது மட்டும் பிழை வந்தால், லென்ஸின் உள்ளிருக்கும் ஃபிளெக்ஸ் கேபிள் (வளையக்கூடிய தட்டையான மின் இணைப்புப் பட்டை) அறுந்திருக்கக்கூடும். அதற்கு இந்த கிட் உதவாது. சர்வீஸ் கடைக்குத்தான் போக வேண்டும்.