கால் கன்ட்ரோலர் வாங்கப் போறீங்களா? கடைக்குக் கீபோர்டையும் தூக்கிட்டுப் போங்க

பெங்களூரில் லைட் மியூசிக் வாசிக்கும் நம்ம ஆட்களுக்காக எழுதுகிறேன். எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு கடையில் 11,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு முழித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆடி மாசம் வந்தால் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் அம்மன் கோயில் கச்சேரிகள் வரிசையாக இருக்கும். ஒரே பாட்டுக்குள் நாலு முறை டோனை, அதாவது கீபோர்டில் வரும் வாத்தியச் சத்தத்தை, மாற்றணும். ரெண்டு கையும் வாசிப்பில் இருக்கும்போது பட்டன் தட்ட மூணாவது கைக்கு எங்கே போக? அதனால்தான் புதுசாக வந்த ஆறு பட்டன் மிடி கால் கன்ட்ரோலர் மேல் ஆசை. மிடி என்றால் இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை; காலால் பட்டனை மிதித்தால் கீபோர்டில் டோன் மாறணும்.

கடைக்காரர் அதை மேசை மேல் வைத்து, லேப்டாப்பில் யுஎஸ்பி கேபிளைச் செருகி, விரலால் அமுக்கிக் காட்டினார். டோன் அழகாக மாறியது. "என்கிட்ட இருக்கறது பழைய கீபோர்டு. மேடையில லேப்டாப் கிடையாது. நேரா செருகினா ஓடுமா?" என்று ரெண்டு தடவை கேட்டேன். "யுஎஸ்பின்னா எல்லாத்துலயும் யுஎஸ்பிதான் அண்ணா. கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க." நானும் மூடிக்கொண்டேன்.

வீட்டில் செருகினால் கீபோர்டு அசையவே இல்லை. அதில் இருக்கும் யுஎஸ்பி கம்ப்யூட்டரோடு பேசுவதற்கானது. கன்ட்ரோலரில் இருப்பதும் அதே ஜாதி. மாப்பிள்ளை வீட்டார் மட்டும் ரெண்டு செட்டாக வந்து உட்கார்ந்தால் கல்யாணம் எப்படி நடக்கும்? நடுவில் ரெண்டையும் பேசவைக்கக் கம்ப்யூட்டர் மாதிரி ஹோஸ்ட் என்று ஒன்று வேண்டும்.

திரும்பப் போனேன். பெட்டியைப் பிரித்தாகிவிட்டதாம், பணம் வராதாம். அதற்குப் பதில் 650 ரூபாய்க்கு ஒரு கேபிளைத் தலையில் கட்டினார்: ஒரு முனையில் ஹெட்போன் பின் மாதிரி, மறுமுனையில் பழைய ஐந்து பின் மிடி. அதுவும் ஓடவில்லை. எங்கள் குழுவின் சவுண்டு அண்ணன் கேபிளைச் சோதித்துப் பார்த்துச் சிரித்தார். இந்தச் சின்ன பின்னில் ஒயர் இணைப்பைப் பொறுத்து ஏ டைப், பி டைப் என்று ரெண்டு உண்டாம். 2018-ல் ஏ டைப்தான் என்று முறைப்படுத்தியும் பி டைப் இன்னும் புழங்குகிறது. என் கன்ட்ரோலர் ஏ, கேபிள் பி. நாலாவது, ஐந்தாவது பின்களின் ஒயரை இடம் மாற்றி ஈயம் வைத்தார். பத்தே நிமிஷம், உயிர் வந்துவிட்டது.

அடுத்த கூத்துக்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. டோன்களைக் கீபோர்டு 1-லிருந்து 128 வரை எண்ணுகிறது, கன்ட்ரோலர் 0-லிருந்து 127 வரை. கீபோர்டில் ஷெனாய்க்கு 112 என்பதால் கன்ட்ரோலரிலும் 112 என்று போட்டு மிதித்தேன். கீபோர்டு 113-க்குப் போய் மணி கிணுகிணுத்தது. "அம்மன் ஊர்வலம்னு பார்த்தா ஐஸ் வண்டி வருதே" என்றார் தவில்காரர்.

பில் என்று கடையில் தந்தது 'எஸ்டிமேட்' என எழுதிய துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி எண் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் கூப்பிட்டபோது முதலில் கேட்டதே பில்தான். இதையாவது நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

பொருள் எப்படி என்று கேட்டால், மேசை மேல் நல்ல பொருள். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே மூணு விரல்கடை இருந்தால் அதிகம். கோயில் மேடையில் வெறுங்காலால் மிதித்தால் பக்கத்துப் பட்டனும் சேர்ந்து அமுங்குகிறது. இப்போது ரெண்டு ஓரத்துப் பட்டனை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன்: ஒன்று அடுத்த டோனுக்கு, ஒன்று முந்தைய டோனுக்கு. நடுவில் இருக்கும் நாலும் எதுவும் செய்யாதபடி அணைத்து வைத்திருக்கிறேன்.