கனவுக்குள் ஒளிரும் சிவப்பு விளக்கு: தன்னுணர்வுக் கனவுக்கான கண்பட்டை குறித்த மதிப்புரை

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே "இது கனவு" என்று உணர்ந்துகொள்வதை லூசிட் ட்ரீமிங், அதாவது தன்னுணர்வுக் கனவு என்கிறார்கள். அந்த உணர்வை வரவழைக்க உதவும் என்று சொல்லி விற்கப்படும் ஒளிரும் கண்பட்டை ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஏறத்தாழ ஒரே அமைப்புள்ள கருவி இணையக் கடைகளில் பல பெயர்களில், சில ஆயிரம் ரூபாய் விலையில் கிடைக்கிறது. எனவே எந்த நிறுவனத்தின் பெயரையும் சுட்டாமல், இந்த வகைக் கருவியிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கருவி கனவுக்குள் ஒரு குறிப்பை அனுப்புகிறது, அவ்வளவுதான். அந்தக் குறிப்பைக் கண்டு "இது கனவு" என்று உணர்ந்துகொள்ளும் மனத்தை நாம்தான் பகலில் பழக்கியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு இது உறக்கத்தைக் கெடுக்கும் விளக்காகவே இருக்கும்.

கருவியின் அமைப்பு எளிமையானது. மென்பஞ்சு வைத்துத் தைத்த கண்பட்டையின் உட்புறத்தில், இரண்டு கண்களுக்கும் நேராகச் சிறு சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் பதிக்கப்பட்டுள்ளன. இமைகள் மூடியிருந்தாலும் அவற்றை ஊடுருவிச் செல்வதில் சிவப்பு ஒளிக்கு மற்ற நிறங்களை விட வலிமை அதிகம் என்பதால்தான் இந்த நிறத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். நெற்றிப் பகுதியில் மின்கலமும் ஒரு பொத்தானும் இருக்கின்றன. படுக்கும்போது பொத்தானை அழுத்தினால், நாம் குறித்த நேரம் வரை கருவி சும்மா இருக்கும். அதன்பின் குறிப்பிட்ட இடைவெளியில் சில விநாடிகள் விளக்குகள் மினுங்கி அணையும். ஒளியின் அளவு, மினுங்கும் வேகம், தொடங்கும் நேரம் ஆகிய மூன்றையும் மாற்றிக்கொள்ள முடிகிறது.

தொடங்கும் நேரம்தான் இவற்றுள் முதன்மையானது. நமது உறக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக அமைகிறது. மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து அசைய, துல்லியமான, நீண்ட கனவுகள் பெரும்பாலும் தோன்றுகிற ரெம் கட்டம் முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க அரைமணி நேரம் வரையிலும் அதற்கு மேலும் நீளும். ஆகவே படுத்து நான்கரை மணி நேரமாவது கழித்தே விளக்கு எரியத் தொடங்க வேண்டும். என் கருவி பெட்டியிலிருந்து வெளிவந்தபோது இரண்டு மணி நேரத்துக்கு அமைக்கப்பட்டிருந்தது. அந்த அமைப்பை மாற்றாமல் பயன்படுத்துபவர், ஆழ்ந்த உறக்கம் மிகுந்திருக்கும் நேரத்தில் கண்ணில் வெளிச்சம் பட்டு எழுந்து, பொருளைத் திட்டிவிட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார். உறக்கத்தைப் பற்றிய கருவி ஒன்றைத் தயாரிப்பவர்கள் இந்த அடிப்படையைக் கூடக் கவனிக்காமல் விட்டிருப்பது எனக்கு வருத்தமளித்தது.

இதில் இன்னொரு குறையும் உண்டு. கடிகாரத்தை மட்டும் நம்பும் இந்தக் கருவிக்கு, நாம் அந்த நேரத்தில் கனவில்தான் இருக்கிறோமா என்பது தெரியாது. இமைக்கு அடியில் கண்மணி அசைவதை அகச்சிவப்பு உணரியால் அறிந்து, அந்த நேரத்தில் மட்டும் விளக்கை எரியவிடும் கருவிகள் 1990களிலேயே அமெரிக்காவில் இருந்தன. கனவு ஆய்வாளர் ஸ்டீஃபன் லபெர்ஜ் நிறுவிய லூசிடிட்டி இன்ஸ்டிட்யூட் உருவாக்கிய நோவா ட்ரீமர் அவற்றில் பெயர் பெற்றது. அதற்குப் பின், 2012-இல், உணரி இல்லாத, கடிகாரத்தை மட்டும் நம்பிய ரெமீ என்ற கண்பட்டைக்குக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்கள் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் முன்பணம் செலுத்தினார்கள். இன்று மலிவு விலையில் நம் கைக்கு வருபவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியைப் பின்பற்றியவை. விலை குறைந்ததற்கு நாம் கொடுக்கும் ஈடு இதுதான்.

இந்தத் துறையை மந்திரம், மாயம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். ரெம் கட்டத்தில் உடலின் தசைகள் ஏறத்தாழ முழுவதும் செயலிழந்து கிடக்க, கண்ணை அசைக்கும் தசைகளும் மூச்சுக்கான உதரவிதானமும் மட்டும் விலக்காக இயங்குகின்றன. இதைப் பயன்படுத்தித்தான் 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் ஒரு சோதனை நடத்தினார். கனவில் தன்னுணர்வு பெற்றதும் கண்களை முன்பே பேசிவைத்தபடி இடவலமாக அசைக்க வேண்டும் என்று ஆலன் வோர்ஸ்லி என்பவரிடம் சொல்லியிருந்தார். உறங்கிக்கொண்டிருந்த அவரது கண்ணசைவு கருவித் தாளில் அப்படியே பதிவானது. இதையறியாமலேயே லபெர்ஜ் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அதே முறையில் ஆராய்ந்து 1981-இல் முடிவை வெளியிட்டார். 2021-இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. உறங்குபவரிடம் எட்டிலிருந்து ஆறைக் கழித்தால் எவ்வளவு என்று கேட்டபோது, அவர் கனவுக்குள் இருந்தபடியே கண்களை இருமுறை அசைத்து விடை சொன்னார். வெளியிலிருந்து செல்லும் குறிப்பு கனவுக்குள் சென்று சேரும் என்பதில் இனி ஐயமில்லை. அது என்ன உருவத்தில் சென்று சேர்கிறது என்பதில்தான் இந்தக் கண்பட்டையின் சிக்கலும் சுவையும் இருக்கின்றன.

விளக்கு கனவில் விளக்காகத் தோன்றுவதில்லை. என் கனவுகளில் அது நெடுஞ்சாலையில் முன்னால் செல்லும் லாரியின் பின்விளக்காக வந்தது. அம்மன் கோயில் திருவிழாவில் தெரு முழுக்கக் கட்டிய சீரியல் செட்டாக ஒருமுறை மின்னியது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் யாரோ ஒருவர் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதாகவும், நான் அவரைக் கடிந்துகொள்வதாகவும் ஒரு கனவு வந்தது. இவை ஒவ்வொன்றிலும் குறிப்பு சரியாகவே வந்து சேர்ந்தது. ஆனால் கனவு மனம் அதற்குப் பொருத்தமான ஒரு காரணத்தைக் கணப்பொழுதில் படைத்துக்கொண்டு கதையைத் தொடர்ந்துவிட்டது. லாரி என்றால் பின்விளக்கு எரியத்தானே செய்யும் என்று உறக்கத்தில் ஏற்றுக்கொண்டேன். கனவின் இயல்பு பற்றி நான் படித்த எதையும் விட இந்த அனுபவம் எனக்கு அதிகம் கற்பித்தது. எவ்வளவு முறையற்ற காட்சியையும் முறையானதாக ஆக்கிக்கொள்ளும் அந்தத் திறமையை நேருக்கு நேர் காண்பதற்காகவே இந்தக் கருவியை ஒருவர் வாங்கலாம் என்று கூடச் சொல்வேன்.

அந்தத் திறமையை மீறுவதற்குப் பகல் பயிற்சி வேண்டும். நாள்தோறும் சிவப்பு விளக்கு எதைக் கண்டாலும், சிக்னலோ செல்பேசி சார்ஜரோ எதுவாயினும், "இது கனவாக இருக்குமா?" என்று நின்று கேட்டு, சோதித்துப் பார்க்க வேண்டும். எழுத்தை ஒருமுறை படித்துவிட்டுப் பார்வையை விலக்கி மீண்டும் படிப்பது நல்ல சோதனை; கனவில் அந்த எழுத்து பெரும்பாலும் மாறிப்போயிருக்கும். மூக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு மூச்சிழுத்துப் பார்ப்பது இன்னொன்று. கனவில் மூச்சு தடையின்றி உள்ளே போகும். இந்தப் பழக்கம் ஊறிய பிறகே எனக்குப் பயன் கிடைத்தது. பேருந்து நிலையம் ஒன்றில் வானமே சிவந்து சிவந்து அடங்குவதைக் கண்டு, வழக்கம்போலப் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படித்தேன். மீண்டும் பார்த்தபோது ஊர்ப்பெயர் மாறியிருந்தது. அந்த நொடியில் ஏற்பட்ட தெளிவு சொல்லில் அடங்காதது. தரையின் சொரசொரப்பும் காற்றின் குளிர்ச்சியும் விழிப்பில் இருப்பதை விடக் கூர்மையாக இருந்தன. இவை அனைத்தும் என் மனம் புனைந்தவை என்ற அறிவும் கூடவே இருந்தது. மகிழ்ச்சி மிகுந்ததால் சிறிது நேரத்திலேயே விழித்துக்கொண்டேன் என்றாலும், அந்த வியப்பு இன்னும் தணியவில்லை.

இதே பயனைக் கருவி இல்லாமலும் பெற முடியும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பகல் சோதனைகளோடு, ஐந்து மணி நேர உறக்கத்துக்குப் பின் எழுந்து, "அடுத்த முறை கனவு காணும்போது அது கனவு என்பதை நினைவுகூர்வேன்" என்று மனத்தில் நிறுத்திக்கொண்டு மீண்டும் உறங்கும் முறையைச் சேர்த்துக் கடைப்பிடித்தவர்களுக்கு, அந்த வாரத்தின் முயற்சிகளில் 17 சதவீதம் வெற்றி கிடைத்தது. அதற்குத் தேவையானது ஓர் அலாரம் மட்டுமே. கண்பட்டை இந்த முறைக்குத் துணையாக நிற்கலாம். மாற்றாக நிற்க முடியாது.

அணிந்துகொள்ளும் வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மல்லாந்து படுப்பவருக்குத் தொல்லை இல்லை. ஒருக்களித்துப் படுத்தால் பஞ்சு நசுங்கி, விளக்குப் பட்டை கன்ன எலும்பில் அழுத்துகிறது. கண்பட்டை நகர்ந்து விளக்கு புருவத்துக்கு ஏறிவிடுகிறது. நம் ஊரின் கோடையில், மின்விசிறி மட்டும் உள்ள அறையில், நள்ளிரவுக்குள் வியர்வையில் நனைந்துவிடுகிறது. உறையைத் தனியாகக் கழற்றித் துவைக்க வழியில்லாததால் விரைவில் நாற்றம் பிடிக்கிறது. மார்கழி, தை மாதங்களில் இதே பொருள் சுகமாக இருந்தது. உடன் வரும் செயலி தேவையற்றது. கனவுக் குறிப்பை அதில் எழுதச் சொல்கிறார்கள். விழித்தவுடன் செல்பேசித் திரையைப் பார்த்தால் பாதிக் கனவு மறந்துவிடுகிறது. கண்ணைத் திறக்காமல் அசையாது கிடந்து கனவைப் பின்னிருந்து முன்னாக நினைத்துப் பார்த்தபின் காகிதத்தில் எழுதுவதே எனக்குச் சரிப்பட்டது.

விளக்கக் குறிப்பேட்டில் ஒரு சொல் கூட இல்லாத செய்தி ஒன்று உண்டு; என் பார்வையில் இந்தக் கருவியின் மிகப் பெரிய குறை இதுவே. விடியற்காலையில் விளக்கால் அரைகுறையாக விழித்து மீண்டும் உறங்கும்போது, மனம் விழித்திருக்க உடல் நேரே ரெம் கட்டத்துக்குள் சரிந்துவிட வாய்ப்பு அதிகம். அப்போது விசித்திரமான உணர்வுகள் வருகின்றன. காதுக்குள் ரீங்காரம் எழும்பி உடல் முழுக்கப் பரவுகிறது. படுக்கையோடு மிதப்பதாகவோ சுழல்வதாகவோ தோன்றுகிறது. யாரோ பெயர் சொல்லி அழைப்பது தெளிவாகக் கேட்கிறது. சிலருக்கு விரலைக்கூட அசைக்க முடியாமல், மார்பின் மேல் யாரோ அமர்ந்திருப்பதாகவும் அறையில் வேறொருவர் நிற்பதாகவும் தோன்றும். அமுக்குவான் பேய் என்று நம் வீடுகளில் சொல்லி, தலையணைக்கு அடியில் இரும்பை வைத்துப் படுக்கச் சொல்வார்களே, அதுதான் இது. கனவில் கை கால்களை ஆட்டி நாம் காயப்படாமல் காக்கும் தசை முடக்கம், விழிப்பு வந்த பிறகும் சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ நீடிப்பதால் இது நேர்கிறது. மூச்சு நின்றுவிட்டதாகத் தோன்றினாலும் உதரவிதானம் இயங்கிக்கொண்டுதான் இருக்கும். மூச்சை மெதுவாக விட்டு, கால் விரல் நுனியை அசைக்க முயன்றால் பிடி தளர்ந்துவிடுகிறது. மல்லாந்து படுக்கும்போதே இது அதிகம் நேர்கிறது என்பதையும், இந்தக் கண்பட்டை நம்மை மல்லாந்து படுக்கவே பழக்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எச்சரிக்கை இல்லாமல் இதை விற்பது பொறுப்பான செயலாகாது. இது பற்றி முன்பே அறிந்திருந்ததால் நான் அஞ்சவில்லை. அறியாத ஓர் இளைஞர் விடியற்காலை இருட்டில் தனியறையில் இந்த நிலையில் கிடப்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

உறங்கத் தொடங்கும் நேரத்தில் திடீரென்று படிக்கட்டில் தவறி விழுவது போல உடல் தூக்கிப்போடுவதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பெரும்பாலானவர்களுக்கு என்றாவது நேரும் தசைத் துடிப்பு. கண்பட்டைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

பகலில் கட்டுக்கடங்காத உறக்கம் வருபவர்கள், அமுக்குவான் அடிக்கடி வந்து அவதிப்படுபவர்கள், எது நடந்தது, எது கனவு என்ற குழப்பத்துக்கோ மனநோய்க்கோ மருந்து எடுப்பவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இதை அணியக் கூடாது. மினுங்கும் ஒளி வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால் கடைசியாகச் சொன்னவர்கள் தவிர்த்துவிடுவதே நல்லது. மற்றவர்கள் முதலில் ஒரு நோட்டுப் புத்தகமும் அலாரமும் வைத்துச் சில வாரங்கள் பயிற்சி செய்து பார்க்கலாம். கனவுகள் நன்றாக நினைவில் நிற்கத் தொடங்கி, இன்னும் முன்னேற விருப்பம் இருந்தால், தொடங்கும் நேரத்தை ஐந்து மணி நேரம் வரை தள்ளிவைக்க முடிகிற, ஒளியை மிகக் குறைந்த அளவுக்கு இறக்க முடிகிற, உறையைக் கழற்றித் துவைக்க முடிகிற கருவியாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணசைவை உணரும் வகை கிடைத்து, கூடுதல் விலை கட்டுப்படியானால் அதையே தேர்ந்தெடுங்கள். வார நாட்களில் இதைத் தொடாமல், மறுநாள் விடுப்பு உள்ள இரவுகளில் மட்டும் அணிவது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இழந்த உறக்கத்தை மறுநாள் காலையில் ஈடுசெய்துகொள்ள முடிகிறது.