மூன்று ஆண்டில் மூன்று கிலோமீற்றர்

மூன்று ஆண்டுகளில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் மூன்றே மூன்று கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. சேர்விஸ் நிலையத்துக் கணினி அப்படித்தான் சொன்னது. அப்பாவோ நாள் தவறாமல் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போய்வருகிறவர்.

ஓகஸ்ட்டில் ஊருக்குப் போயிருந்தபோது ஒயில் மாற்றுவதற்காக நான்தான் வண்டியைக் கொண்டுபோனேன். பலாலி வீதியை ஒட்டிய ஒழுங்கையில் உள்ள கடை. பெயர் வேண்டாம். கைவேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கழுவித் துடைத்த வண்டியை அப்பாவுக்கே அடையாளம் தெரியவில்லை. சிக்கல் காசு மேசையில் இருந்தது. அங்கிருந்த தம்பி மீற்றரைப் பார்த்து 52,864 என்று அடித்தார். முந்தைய வாசிப்பைவிடக் குறைவு என்று கணினி மறுத்தது. அவர் சலிக்காமல் அதை அழித்துவிட்டு 481210 என்று அடித்தார். உடனே ஏற்றுக்கொண்டது.

கனடாவின் ஸ்காபரோவில் எனக்குச் சோறு போடுவதே இப்படியான தரவுப் படிவங்கள்தான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பழைய பதிவுகளைக் காட்டச் சொன்னேன். 481206, 481207, 481208, 481209. முதலாவதில்தான் பிழை. அந்த மீற்றரில் ஐந்து இலக்கங்களுக்குப் பக்கத்தில் வேறு நிறத்தில் ஆறாவது ஒன்று உண்டு. அது நூறு மீற்றர்க் கணக்கு. யாரோ அதையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். 48,120 பத்து மடங்கானது. படிவம் குறைவதை மட்டும்தான் காவல் காத்தது. கூடினால் வாசலைத் திறந்துவிட்டது. பிறகு வந்த உண்மையான வாசிப்புகளெல்லாம் வெளியே நிற்க, வேலை முடிய வேண்டுமே என்று ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கூட்டி அடித்திருக்கிறார்கள். தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். இடம் கொடுக்காத படிவத்துக்குப் பொய்தான் கிடைக்கும். அடுத்த ஒயில் மாற்றத்தை நினைவூட்டும் குறுஞ்செய்தி அப்பாவுக்கு ஏன் வரவே இல்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

படிவம் மைக்ரோசொஃப்ட்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸில் செய்தது. செய்தவர் இப்போது கொழும்பில். முதலாளி ஐயா பிளேன்ரீ சொல்லிவிட்டு நாற்காலியைத் தந்தார். ‘பிஃபோர் அப்டேட்’ நிகழ்வில், அதாவது பதிவு சேமிக்கப்படுவதற்குச் சற்று முன், ‘டிமேக்ஸ்’ கொண்டு அந்த வண்டியின் ஆகக் கூடிய வாசிப்பை எடுத்து ஒப்பிட்டிருந்தார்கள். இடம் சரி, சேமித்த பிறகு சோதித்துப் பயனில்லை. ஆனால் ஆகக் கூடியதோடு ஒப்பிட்டால் ஒரு பிழை காலம் முழுவதும் அரசாளும். திகதிப்படி கடைசிப் பதிவோடு ஒப்பிடுமாறு மாற்றினேன். முந்தையதைவிடப் பத்தாயிரத்துக்கு மேல் கூடினாலும் கேள்வி கேட்க வைத்தேன். குறைந்தால் மறுக்காமல் காரணம் கேட்கும்: மீற்றர் மாற்றியிருக்கலாம், 99,999 கடந்து பூச்சியத்துக்குத் திரும்பியிருக்கலாம். வாகன இலக்கத்திலும் ஒரு வேலை இருந்தது. முன்னால் வட மாகாணத்தைக் குறிக்கும் ‘என்பி’ போட்டும் போடாமலும், இடைக்கோடு வைத்தும் வைக்காமலும் அடித்ததில் ஒரே வண்டி இரண்டு மூன்று வண்டியாகக் கிடந்தது. அப்படிக் கிடந்தால் ஒப்பிட முந்தைய பதிவே அகப்படாது, எதை அடித்தாலும் போய்விடும்.

பொய் வாசிப்புகளுக்குப் பதிலாக எதை எழுதுவது? அப்பாவிடம் பதில் இருந்தது. சேர்விஸ் செய்த ஒவ்வொரு நாளும் சட்டைப்பை டயறியில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முதல் பதிவை 48,120 என்று திருத்திவிட்டு, தம்பி மற்றவற்றை ஒவ்வொன்றாக அடித்தார்: 49,305, 50,440, 57,210. எதற்கும் படிவம் வாய் திறக்கவில்லை. நான் கோப்பையை எடுத்தேன்.

“அண்ணை, இன்றைக்கே 52,864 தானே?” என்றார் தம்பி.

அப்பாவின் ஒன்று ஏழுபோல இருக்கும். அது 51,210. நடுவில் பழைய திகதியில் நுழைக்கும் பதிவை அதற்குப் பின் வந்த பதிவோடும் ஒப்பிட வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கோப்பையை வைத்துவிட்டு மறுபடியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.