கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி: பாஹா கரையில் இரண்டு பருவங்களுக்குப் பிறகு

திருநகரில் என்னோடு படித்து இப்போது கலிஃபோர்னியாவில் வசிக்கும் நண்பன், வரும் நவம்பரில் தன் பாய்மரப் படகில் சான் டியேகோவிலிருந்து மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா கரையோரமாகத் தெற்கே இறங்கப் போகிறான். என் படகில் இருப்பதைப் போன்ற வாட்டர்மேக்கரைத் தானும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறான். தங்கை மகளின் காதுகுத்துக்காக மதுரைக்கு வந்தபோது அந்தக் கருவியின் பழுதான பம்பையும் பெட்டியில் எடுத்து வந்திருந்தேன். அது நேற்றுதான் சரியானது.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் தத்துவம்தான் இதுவும். ஆனால் போர் தண்ணீருக்கு ஐந்தாறு பார் அழுத்தம் போதும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரை, உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் மெம்பரேன் என்ற சவ்வின் வழியே தள்ள 50 பாருக்கு மேல் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 4 ஆம்பியர் எடுத்துக்கொண்டு மணிக்கு 5 லிட்டர் தருகிறது. நம் ஊர் பிளாஸ்டிக் குடம் ஒன்று நிறைய மூன்று மணி நேரமாகும்.

அந்தக் குடத்தின் அருமை அங்கே போனால்தான் தெரியும். சான் டியேகோவிலிருந்து பாஹாவின் தென்முனையிலுள்ள காபோ சான் லூகாஸ் வரை ஏறக்குறைய 750 கடல் மைல். வடமேற்குக் காற்று முதுகில் தள்ளிக்கொண்டே வரும். கரையில் கள்ளியும் வெயிலில் வெந்த மலைகளும்தான். மக்தலேனா விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த முதல் மாலையில், இந்தக் கருவி தந்த தண்ணீரில் துவரம்பருப்பு வேக வைத்தேன். செல்லூர் வீட்டில் போர் தண்ணீரில் பருப்பு வேகாமல் அம்மா அலுத்துக்கொண்டதைக் கேட்டே வளர்ந்தவன் நான். அன்றைக்கு இரண்டாவது விசிலிலேயே பருப்பு வெண்ணெயாகக் குழைந்து கிடந்தது. பருப்பை இறுக வைக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும் அந்தத் தண்ணீரில் அனேகமாக இல்லை. அதற்காகவே இந்தக் கருவியின் மேல் எனக்கு நன்றி உண்டு.

ஆனால் இதற்குச் செய்யும் ஊழியம் தாங்கக்கூடியதல்ல. ஐந்தாறு நாட்கள் ஓட்டாமல் விட்டால் மெம்பரேனில் கிருமி படியும் என்பதால், வேண்டாத நாளிலும் ஓட்ட வேண்டும், அல்லது மருந்துத் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தி வைக்க வேண்டும். துறைமுகக் குழாய்த் தண்ணீரால் கழுவலாம் என்றால், அதிலுள்ள குளோரின் மெம்பரேனையே அழித்துவிடும். கரி ஃபில்டர் வழியே விட்டுத்தான் கழுவ வேண்டும். கடல் செந்நிறமாகப் பாசி பூக்கும் நாட்களில் முன் ஃபில்டர் அரை நாளில் அடைத்துக்கொள்கிறது. அதன் மூடியைத் திருகித் திறந்தால், உள்ளே செத்த நுண்ணுயிர்கள் அழுகிய முட்டை நாற்றத்தோடு பழுப்புக் கூழாக வழிகின்றன. அந்த நாற்றம் படுக்கை விரிப்பு வரை ஏறிவிடுகிறது. இரண்டு பருவங்களிலும் எங்கள் நாளின் திட்டத்தை வகுத்தது காற்றல்ல, இந்தக் கருவிதான்.

எஸ்பிரிட்டு சாண்டோ தீவருகே பம்பின் அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தொட்டுப் பார்த்தால் ஈரம். தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. விற்றவர்களுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவே ஆறு வாரம். சீல் பொட்டலம் கடைசியில் மதுரை முகவரிக்குத்தான் வந்து சேர்ந்தது. செல்லூரில் வீட்டு ஆர்.ஓ. பழுது பார்க்கும் அண்ணன் பம்பைப் பிரித்து, உள்ளிருந்த ராடை வெளிச்சத்தில் திருப்பி, நகத்தால் தடவிக் காட்டினார். மயிரிழை போல ஒரு கீறல். “சீல் மேல தப்பில்ல தம்பி, மணல் புகுந்து கீறியிருக்கு” என்றார். கிழிந்த ஃபில்டரை மாற்றாமல் ஒரு வாரம் ஓட்டியது நான்தான். இதைச் சொல்லாமல் கருவியை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. கீறலைத் தேய்த்து மெருகிட்டுப் புதுச் சீல் போட்டுக் கொடுத்தார்.

ஆகவே நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. அந்தப் பணத்தில் கூடுதலாக ஒரு தண்ணீர்த் தொட்டியும் நான்கைந்து கேன்களும் வாங்கிக்கொண்டு, ஊர் வரும் இடத்தில் நிரப்பிக்கொண்டு நிம்மதியாகப் போ. கருவியின் மேல் குற்றமில்லை என்று தெரிந்தும் இதைத்தான் சொல்கிறேன். இல்லை, வாங்கியே தீருவேன் என்றால், புறப்படும் முன்பே சீல் பொட்டலம் இரண்டும் ஐந்து மைக்ரான் ஃபில்டர் ஒரு டஜனும் படகில் இருக்கட்டும். பாஹாவின் லா பாஸ் நகருக்குப் போய்த் தேடிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடாதே.